வட்டமிடும் முக்கோணம்

மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்க முடிந்தால், பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதைக் காண்பீர்கள். கிராங்க் தண்டு நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் இருமுறை நின்று திரும்பவேண்டும். அதாவது, விநாடிக்கு 200 முறை! சக்கரத்துக்கு வேண்டியதோ சுழற்சி. அப்படியானால் எஞ்சினும் முதலிலிருந்தே சுழன்றால் என்ன?

ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாங்கெல் இக்கேள்விக்கு விடை தேடினார். அவருடைய சுழல் எஞ்சின் 1957இல் என்.எஸ்.யு. கம்பெனியில் முதன்முதலாக ஓடியது. அதையே எளிதாக்கி அமைத்த வடிவம் பின்னர் கார்களில் ஏறியது.

இரட்டைப் பருப்புள்ள நிலக்கடலையின் ஓட்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் சற்று இடுப்பு ஒடுங்கியிருக்கும் அல்லவா? ஏறக்குறைய அதுதான் இந்த எஞ்சின் கூட்டின் உள்வடிவம். அதற்குள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம் சுற்றுகிறது. இதுவே ரோட்டர். அதன் மூன்று முனைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடியே செல்லும். ஆகவே சுவருக்கும் ரோட்டருக்கும் இடையில் மூன்று அறைகள் உண்டாகின்றன. ரோட்டர் சுற்றச் சுற்ற, ஒவ்வோர் அறையும் விரிந்து சுருங்குகிறது. பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, புகையை வெளியேற்றுவது ஆகிய நான்கு வேலைகளும் இப்படியே நடந்துவிடுகின்றன. காற்று வரும் வழியையும் புகை போகும் வழியையும் ரோட்டரே திறந்து மூடுகிறது. வால்வுகளுக்கு வேலையே இல்லை!

ரோட்டர் ஒருமுறை சுற்றினால் தண்டு மூன்று முறை சுற்றும். அதற்குள் மூன்று அறைகளிலும் எரிதல் முடிந்துவிடும். எனவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உந்தல். ஒற்றைச் சிலிண்டருள்ள நான்கு வீச்சுப் பிஸ்டன் எஞ்சினில் இரண்டு சுற்றுக்குத்தான் ஓர் உந்தல். ஆகவேதான் சுழல் எஞ்சின் சிறியதாக, இலேசாக, அதிர்வு குறைந்ததாக இருக்கிறது.

பிஸ்டன் நின்று திரும்புவதால் ஆற்றல் வீணாகிறது என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. பிஸ்டனை நிறுத்தும்போது அதன் ஆற்றல் பெரும்பாலும் தண்டுக்கே திரும்பிவிடுகிறது. உண்மையான தொல்லை அதிர்வும், உறுப்புகள் தாங்கவேண்டிய விசையுமே.

இவ்வளவு நல்ல எஞ்சின் ஏன் எல்லாக் கார்களிலும் இல்லை?

உருண்டையான பிஸ்டனைச் சுற்றி ஒரு வளையம் மாட்டினால் வாயு கசியாது. முக்கோணத்தின் கூர்முனையில் எதை மாட்டுவது? மெல்லிய பட்டைகளைப் பொருத்தினார்கள். அவை சுவரில் உரசித் தேய்ந்தன. ஜப்பானில் மாஸ்டா பொறியாளர்கள் சோதித்தபோது, கூட்டின் சுவரில் வரிவரியாகக் கீறல்கள் விழுந்தன. ‘பிசாசின் நகக்கீறல்’ என்றே அவற்றுக்குப் பெயரிட்டார்கள்! கரியும் அலுமினியமும் சேர்ந்த பட்டைகளைச் செய்தபிறகே, 1967இல் அவர்களுடைய காஸ்மோ கார் விற்பனைக்கு வந்தது.

மற்றொரு குறையைப் பொருளை மாற்றித் தீர்க்க இயலாது. எரிதல் நடக்கும் அறை நீண்டு தட்டையாக இருக்கிறது. அகலத் தட்டில் ஊற்றிய காபி டம்ளரில் இருப்பதைவிட விரைவில் ஆறிவிடுவதுபோல, வெப்பம் சுவர்களுக்குப் போய்விடுகிறது. ஓரங்களில் பெட்ரோல் முழுதும் எரியாமல் புகையோடு வெளியேறுகிறது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது இக்குறை பெரிதாகத் தெரிந்தது. பந்தயத்திலோ கதை வேறு: 1991இல் மாஸ்டாவின் சுழல் எஞ்சின் கார் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் முதலிடம் பெற்றது.

2012இல் மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-8 காரோடு இதன் காலம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் 2023இல் அதே கம்பெனி, ஒற்றை ரோட்டர் எஞ்சின் ஒன்றை மின்சாரக் காரில் வைத்தது. அதன் வேலை சக்கரத்தைச் சுழற்றுவதன்று. ஜெனரேட்டரை ஓட்டி மின்சாரம் தருவது. சிறிய இடத்தில் அடங்கி, அதிராமல் ஓடும் எஞ்சின்தானே அதற்கு வேண்டும்!