விரல் படிக்கும் குறிமுறை எது?

லூயி பிரெய்ல் 1829இல் வெளியிட்ட எழுத்துமுறையில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள் உண்டு. அவற்றை எழுப்பியும் விடுத்தும் பெறக்கூடிய வடிவங்கள், வெற்றுக் கட்டம் நீங்கலாக, 63 மட்டுமே என்பதால், மொழிகளும் கணிதமும் இசையும் அதே வடிவங்களைத் தத்தம் தேவைக்கேற்பப் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த வடிவம் எதைக் குறிக்கும் என வகுக்கும் விதித்தொகுதியே பிரெய்ல் குறிமுறை எனப்படுகிறது. ஒன்றாம், மூன்றாம் புள்ளிகள் எழுந்த கட்டம் தமிழ் வாசகருக்கு ‘க’; ஆங்கில வாசகருக்கு ‘கே’ என்னும் எழுத்து. ஆகவே, திரையிலுள்ள உரையைப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள், வாசகர் எந்தக் குறிமுறையில் படிக்கிறார் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

பார்வையற்றோருக்குத் திரையின் உள்ளடக்கத்தைக் குரலாகவோ புள்ளிகளாகவோ தரும் திரை வாசிப்பான்களுள் இலவசமாகக் கிடைப்பவற்றில் ஒன்று என்விடிஏ. பெரும்பாலான மொழிகளுக்கான பிரெய்ல் மாற்றத்தை இது லிப்லூயி என்னும் திறந்தமூல நிரல்தொகுப்பிடம் ஒப்படைக்கிறது. ஒவ்வொரு குறிமுறையும் அதில் அட்டவணை எனப்படும் தனி உரைக்கோப்பாக இருப்பதால், நிரல் எழுதப் பயிலாத, ஆனால் பிரெய்லில் தோய்ந்த ஓர் ஆசிரியரும் ஒரு விதியின் பிழையைக் கண்டறிந்து திருத்த முடியும். விரலால் படிப்பவரின் அறிவுக்கு மென்பொருளுக்குள் இடம் கிடைப்பதால், இதுவே இத்துறையின் மிகச் சிறந்த ஏற்பாடு எனலாம்.

தமிழுக்கான அட்டவணையும் அங்கு உண்டு. தமிழ் பிரெய்ல், இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லைப் பின்பற்றுகிறது. கணினியின் யூனிகோடு முறையில் ‘க்’ என்பது முதலில் ககரமாகவும் அதன்பின் புள்ளியாகவும் பதிவாகிறது. பிரெய்லிலோ மெய்யைக் குறிக்கும் நான்காம் புள்ளி முன்னால் வந்து, ககரம் அதைத் தொடர்கிறது. எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்றியாக வேண்டும். இதைவிட நுட்பமானது, மூன்று, நான்கு, ஐந்து, ஆறாம் புள்ளிகள் கொண்ட கட்டம்: அது ‘ண’வாகவும், பின்வருவது எண் என்று அறிவிக்கும் குறியாகவும் பயன்படுகிறது. தமிழ்ச் சொல் எதுவும் ணகரத்தில் தொடங்குவதில்லை என்ற இலக்கண மரபு இங்கே கணினிக்கே கைகொடுக்கிறது. சொல்லின் முதலில் அக்கட்டம் வந்தால் எண், இடையில் வந்தால் எழுத்து என்று கொள்ளலாம். எழுத்துகளைத் தனித்தனியே பட்டியலிடும் இலக்கணப் பாடத்தில் மட்டும் இவ்விதி தடுமாறும்.

ஆங்கிலத்தில் சிக்கல் வேறு வகையானது. பழைய அமெரிக்கக் குறிமுறையில் இரண்டு, ஐந்து, ஆறாம் புள்ளிகள் கொண்ட ஒரே வடிவம் முற்றுப்புள்ளியையும் டாலர் குறியையும் ‘டி’ என்னும் எழுத்தின் இரட்டிப்பையும் குறித்தது. மனிதர் சூழலால் உணர்ந்துகொள்ளும் இதைக் கணினி மீண்டும் எழுத்தாக்குவது கடினம். ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்ல் ஒன்பது சுருக்கங்களை நீக்கி இத்தகைய மயக்கங்களைக் குறைத்தது. அமெரிக்காவில் அது 2016 ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பழைய முறையில் அச்சான நூல்களும் அதில் பழகிய விரல்களும் ஒரே நாளில் மறைவதில்லை என்பதால், பழைய அட்டவணையை மென்பொருளிலிருந்து அகற்றுவது நியாயமாகாது. கணிதத்துக்கு ஏப்ரகாம் நெமத் வகுத்த குறிமுறையோ, இலக்கங்களையே கட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு இறக்கி எழுதுவதால், தனி அட்டவணையை வேண்டுகிறது.

குறிமுறையைத் தேர்ந்தபின்னும் ஒரு வேலை எஞ்சுகிறது. பல எழுத்துகளை ஒரே கட்டத்தில் அடக்கும் சுருக்க பிரெய்லில், எந்தக் கட்டம் மூல உரையின் எந்த எழுத்துகளுக்கு உரியது என்ற கணக்கையும் மென்பொருள் வைத்திருக்க வேண்டும். இல்லையேல், புள்ளிகளை எழுப்பிக் காட்டும் கருவியில் ஒரு கட்டத்துக்கு மேலுள்ள பொத்தானை அழுத்தும்போது குறிச்சுட்டி தவறான இடத்துக்குப் போய்விடும். லிப்லூயி இந்தக் கணக்கை மாற்றத்துடன் சேர்த்தே தருகிறது. மேலும், விரைவாகப் படிக்கச் சுருக்க முறையை விரும்பும் ஒருவர், எழுதும்போது சுருக்கமற்ற முறையை நாடக்கூடும் என்பதால், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் வெவ்வேறு அட்டவணைகளைத் தேர என்விடிஏ இடமளிக்கிறது. குறிச்சுட்டி நிற்கும் சொல்லை மட்டும் விரித்துக்காட்டச் செய்தால், எழுத்தெழுத்தாகத் திருத்தவும் தடையில்லை.