காதல் நாவலில் தடை எங்கே இருக்கிறது?

காதல் நாவல் எழுதுவது எப்படி என்று கேட்டு இத்தொடருக்குப் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சிலர் தாம் எழுத எண்ணியிருக்கும் கதையின் சுருக்கத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றிற் பெரும்பாலானவற்றில் முதல் அத்தியாயத்திலேயே இருவரும் மனமொன்றிவிடுகிறார்கள். பின்னர் தந்தை மறுக்கிறார். அல்லது கடிதம் கைதவறிப் போகிறது. அல்லது ஒரு விபத்து. கதை முடியும்வரை காதலர் இருவரும் செய்வதற்கு எதுவும் இல்லை. யாராவது கதவைத் திறந்துவிடட்டும் என்று காத்து நிற்கிறார்கள்.

தடை இல்லாமற் காதற் கதை இல்லை. அலரும் இற்செறிப்பும் இல்லையென்றால் நமது களவுப் பாடல்கள் பல பிறந்திரா. ஆனால் அகப்பாடல் ஒரு கணத்தைப் பிடித்துக் காட்டுவது. நாவலோ காலத்தோடு நகர்வது. அதனால் அங்கே தடையும் வளரவேண்டும், மாறவேண்டும். வெளியே நிற்கும் தடையை எண்ணிக்கையிற் கூட்டலாம்: தந்தைக்குப் பின் மாமன், மாமனுக்குப் பின் ஒரு முரடன். வளர்வது மனத்தினுள் இருக்கும் தடைதான்.

இதற்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் ஜேன் ஒஸ்டின் எழுதி 1813இல் வெளிவந்த 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்'. செருக்கும் தப்பெண்ணமும் என்று தமிழிற் சொல்லலாம். தடை எங்கே இருக்கிறது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

எலிசபெத் பெனற் ஐந்து பெண்பிள்ளைகளில் இரண்டாமவள். வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. ஆண்வழிக்கே சேரவேண்டிய ஆதனம் என்பதால், தந்தை கண்மூடியதும் வீடும் நிலமும் கொலின்ஸ் என்ற உறவினருக்குப் போய்விடும். சீதனம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வீட்டின் கவலையை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 10,000 பவுண் வருமானமுள்ள டார்சி, ஒரு நடன விருந்தில் அவளை அழகு போதாதவள் என்று நண்பனிடம் சொல்கிறான். அது அவள் காதில் விழுகிறது. தோழியரிடம் அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள், மறக்கவில்லை. பிறகு விக்கம் என்ற அழகன் டார்சியைப் பற்றிப் பொய் சொல்லும்போது சாட்சி கேளாமலே நம்புகிறாள். நம்ப வைத்தது அந்தப் பழைய காயம். ஒரு சிறு சம்பவம் எத்தனை தூரம் வேலை செய்கிறது பாருங்கள்!

நாவலில் 61 அத்தியாயங்கள். டார்சி அவளை முதன்முறை மணம் கேட்பது 34ஆவதில். நம்மவர்களாயின் அதைக் கடைசிக்கல்லவா வைத்திருப்பார்கள்? ஒஸ்டின் நடுவழியில் வைக்கிறார், மறுக்கவும் வைக்கிறார். அவன் காதலைச் சொல்லும் வாயாலேயே அவள் குடும்பத்தின் தாழ்வையும் சொல்கிறான். அவள் இரண்டு குற்றங்களைச் சாட்டுகிறாள்: தமக்கை ஜேனை அவள் விரும்பியவனிடமிருந்து பிரித்தது ஒன்று, விக்கத்துக்கு அநீதி இழைத்தது மற்றது. முதலாவது மெய், இரண்டாவது பொய். மறுநாள் டார்சி கடிதமொன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அடுத்து வரும் அத்தியாயத்தில் வெளியே ஒன்றும் நடப்பதில்லை. ஒரு பெண் ஒழுங்கையில் தனியே நடந்தபடி ஒரு கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள், அவ்வளவுதான். கதை திரும்புவது அங்கேதான். அதுவரை அவனை வெறுக்க வைத்த தடை, இனித் தன்னைப் பற்றிய வெட்கமாக உருமாறுகிறது.

பின்னர் அவளுடைய கடைசித் தங்கை லிடியா விக்கத்தோடு ஓடிப்போகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் வெளியிலிருந்து வந்த இடிதான். ஆனால் தந்தையின் அசட்டையும், விக்கத்தின் குணத்தை அறிந்த பின்னும் எலிசபெத் ஊருக்குச் சொல்லாமல் விட்டதும் சேர்ந்தே அதை வரவழைக்கின்றன. தான் மிகவும் வெறுக்கும் மனிதனைத் தேடிப்போய், பணமும் கொடுத்து, டார்சி அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுகிறான். எவருக்கும் சொல்லவில்லை. செருக்கு கரைந்ததை ஆசிரியர் வருணிக்கவில்லை. ஒரு செயலால் காட்டிவிடுகிறார்.

சார்லொட் என்ற தோழியையும் மறந்துவிடக்கூடாது. கொலின்ஸ் முதலிற் கேட்டது எலிசபெத்தை. சம்மதித்திருந்தால் குடும்பத்துக்கு வீடு தப்பியிருக்கும். அவள் மறுக்க, சில நாட்களுக்குள் 27 வயதான சார்லொட் அவரை ஏற்றுக்கொள்கிறாள். கையில் பணமில்லாதவளுக்கு ஒரு வீடு தேவை. ஆசிரியர் அவளைப் பழிப்பதில்லை. இவள் இல்லாவிட்டால் எலிசபெத்தின் மறுப்பு வெறும் கதாநாயகித்தனமாய்ப் போயிருக்கும். அந்த மறுப்புக்கு என்ன விலை என்பதை இவள் வாழ்க்கைதான் நமக்குச் சொல்கிறது. எந்தக் காதல் நாவலிலும் இப்படியொரு காதலில்லாத திருமணம் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

எனவே எழுதத் தொடங்குமுன், அவன் அவளைப் பற்றி எதைப் பிழையாக நம்புகிறான், அவள் அவனைப் பற்றி எதை நம்புகிறாள் என்று ஆளுக்கொரு வசனம் எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் கதை இன்னும் பிறக்கவில்லை. வந்துவிட்டால், மறுக்கும் காட்சியை முதலில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் ஒருவரையொருவர் அறிந்தது சிறிதேனும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறாத சந்திப்பை, எத்தனை அழகாக எழுதியிருந்தாலும், வெட்டிவிடலாம்.

நிலாவையும் தென்றலையும் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். டார்சி இரண்டாம் முறை கேட்பது ஊர்ப்பாதையில், பகலில், நடந்து போகும்போது. எலிசபெத் சம்மதம் சொன்ன வார்த்தைகளை ஒஸ்டின் நமக்குத் தரவேயில்லை. அவள் மனம் மாறியதைத் தெரிவித்தாள் என்று தம் வாயாலேயே சொல்லிவிட்டு அப்பாற் போய்விடுகிறார்.