லூப்புக்கு முன்னால் மதிப்பு வேண்டும்

லே நகரில் ஜனவரி இரவுகளில் பதிவான வெப்பநிலைகள் ஒரு பட்டியலாக இருக்கின்றன. அவற்றில் மிக உயர்ந்ததைக் கண்டுபிடிக்க ஜாவாவில் நிரல் எழுதுகிறோம். 'உச்சம்' என்றொரு மாறி. தொடக்க மதிப்பு எதுவும் தரவில்லை. லூப்பின் முதல் சுற்றில் எண்ணை அப்படியே உச்சத்தில் வைக்கிறோம். அடுத்த சுற்றுகளில் ஒப்பிட்டு, பெரிதாக இருந்தால் மாற்றுகிறோம். லூப் முடிந்ததும் அச்சிடுகிறோம். படித்துப் பார்த்தால் பிழை தெரியாது. கம்பைலரோ, மாறிக்கு மதிப்பு தரப்படாமல் இருக்கலாம் என்று நிரலை ஏற்க மறுக்கிறது.

காரணம், கம்பைலர் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை, வழிகளைத்தான் பார்க்கிறது. லூப்பின் நிபந்தனை முதல் தடவையே பொய்யானால் உள்ளே நுழையாமலே அச்சிடும் வரிக்கு வந்துவிடலாம். அந்த வழியில் உச்சத்துக்கு மதிப்பே இல்லை. 'முதல் சுற்றில் மதிப்பு வந்துவிடுமே' என்பது நமக்குத் தெரிகிறது, கம்பைலரின் கணக்கில் அது சேராது. நிபந்தனை 'ட்ரூ' என்ற மாறிலியாக இருந்தால் மட்டும் விலக்கு: அங்கே 'பிரேக்' வழியாகத்தான் வெளியே வர முடியும், எனவே அதற்கு முன் மதிப்பு வந்திருந்தால் போதும். ஜாவா மொழி வரையறையின் 16ஆம் அத்தியாயம் முழுக்க இந்த விதிகள்தான். ஒரு நிரல் நிற்குமா நிற்காதா என்று எல்லா நிரல்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்று டூரிங் 1936இல் நிறுவியிருக்கிறார். எந்த வழி உண்மையில் ஓடும் என்பதும் அப்படித்தான். ஆகவே கம்பைலர் துல்லியத்தை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை எடுத்துக்கொள்கிறது. சரியான தேர்வு என்றே நினைக்கிறேன்.

சி மொழியில் இந்தக் கண்டிப்பு கிடையாது. ஜிசிசி என்ற சி கம்பைலர் எச்சரிக்கலாம், அதுவும் தேர்ந்தெடுக்கும் உகப்பாக்க அளவைப் பொறுத்து. எச்சரிக்கையைத் தாண்டி ஓட்டி, பட்டியலும் காலியாக இருந்தால், அந்த நினைவக இடத்தில் முன்பு கிடந்த எதுவும் உச்சமாக வரலாம்.

பலர் உடனே செய்வது, தொடக்க மதிப்பாக 0 போடுவது. அதை நான் வன்மையாக மறுக்கிறேன். கம்பைலர் அடங்கிவிடும், சி நிரலில் மதிப்பற்ற மாறிகளை ஓட்டத்தின்போது பிடிக்கும் வால்கிரைண்டும் அடங்கிவிடும். பட்டியல் காலியாக வந்தால் யாரும் அளக்காத 0 டிகிரி அச்சாகும். முதல் சுற்றுச் சோதனையை யாராவது பின்னர் நீக்கிவிட்டால் இன்னும் மோசம்: எல்லா எண்களும் உறைநிலைக்குக் கீழே இருக்க, விடை 0 என்றே வரும்.

பட்டியல் காலியா என்று முதலில் பாருங்கள். காலியென்றால் அங்கேயே 'பதிவு இல்லை' என்று சொல்லி நிறுத்துங்கள். இல்லையென்றால் முதல் எண்ணையே உச்சத்தின் தொடக்க மதிப்பாக்கி, லூப்பை இரண்டாவது எண்ணிலிருந்து தொடங்குங்கள். முதல் சுற்றுச் சோதனையே தேவைப்படாது. ஜாவா கம்பைலரும் ஏற்றுக்கொள்ளும்.