"புல் சார்ஜ்" போடுவதில் தகராறு! எலெக்ட்ரிக் கார்காரர்கள் பலருக்குத் தெரியாத "80" கணக்கு

லீவு நாளில் சென்னை-திருச்சி ரோட்டில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஓட்டல் வாசலில் ஒரே ஒரு சார்ஜிங் மெஷின். அதில் ஒரு கார் நிற்கிறது. பின்னால் இரண்டு கார் காத்துக் கிடக்கிறது. முன்னால் உள்ள காரில் 85 சதவீதம் ஏறியாகிவிட்டது. ஆனாலும் சொந்தக்காரர் எடுக்க மாட்டார்.

"புல் ஆகட்டும் சார், நானும் காசு கொடுக்கிறேன்ல?" என்பார். "அதுக்காக நாங்க விடிய விடிய நிக்கணுமா?" என்பார் பின்னால் இருப்பவர். சத்தம் கூடும். ஓட்டல்காரர் வந்து சமாதானம் செய்வார்.

பஸ் கூட்டம் மாதிரி

விஷயம் இதுதான். காலி பஸ்சில் ஜனம் மளமளவென்று ஏறும். நிரம்பிய பிறகு ஒவ்வொருவராக நெருக்கித்தான் ஏற வேண்டும். பேட்டரியும் அப்படியே. வேக சார்ஜ் மெஷினில் 10 சதவீதத்தில் இருந்து 80 வரை பல கார்களில் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். மிச்சம் 20-க்கு கிட்டத்தட்ட அதே நேரம் பிடிப்பதும் உண்டு. மெஷின் கோளாறு அல்ல. பேட்டரி கெடாமல் இருக்க, காரே கரண்டைக் குறைத்து வாங்குகிறது. 60 கிலோவாட் மெஷினில் மாட்டினாலும், 30 வாங்கும் கார் 30-தான் வாங்கும்.

இன்வெர்ட்டர் பழக்கம்

வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது ஈய பேட்டரி. அது எப்போதும் நிரம்பி இருந்தால்தான் நல்லது. அதே பழக்கத்தில் காரையும் 100-க்கு ஏற்றி, வெயிலில் நாள்கணக்கில் நிறுத்துகிறார்கள். லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. அடியோடு காலியாக்கிப் போட்டு வைப்பதும் ஆகாது. ஆயுள் குறையும். புது பேட்டரி மாற்ற லட்சக்கணக்கில் செலவு!

இதிலும் இரண்டு ஜாதி உண்டு. "என்.எம்.சி." பேட்டரி என்றால் தினசரி ஓட்டத்துக்கு 80 போதும். "எல்.எப்.பி." என்றால் அவ்வப்போது 100 வரை ஏற்றத்தான் வேண்டும். இல்லாவிட்டால் மீட்டர் காட்டும் சதவீதம் தப்பாகிவிடும். எந்த ஜாதி என்பதை கம்பெனி கொடுத்த புஸ்தகத்தில் பார்க்கலாம். அதைப் பிரித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

பிளக் சுடுகிறதா?

தாம்பரத்தில் இருந்து பாரிமுனைக்கு ஆபீஸ் போய் வர 60 கிலோமீட்டருக்குள்தான். அதற்கு 8, 9 யூனிட் போதும். வீட்டில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3 யூனிட்டுக்கு சற்றுக் கூடுதலாக ஏறும். ஆக 3 மணி நேர வேலை. ஆனால் 2020-ல் வந்த டாடா நெக்சான் எலெக்ட்ரிக் காரின் 30.2 யூனிட் பேட்டரியைக் காலியில் இருந்து நிரப்ப ராத்திரி முழுக்க ஓட வேண்டும்.

ஆபத்து அங்கேதான். அயர்ன் பாக்ஸ், கீசர் எல்லாம் கொஞ்ச நேரத்தில் கட் ஆகிவிடும். கார் அப்படி அல்ல, விடிய விடிய ஒரே இழுப்பு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பழைய வயர், ஆடுகிற சாக்கெட் என்றால் சூடேறி உருகிவிடும். மீட்டர் போர்டில் இருந்து தனி லைன், ஒழுங்கான எர்த், தனி பிரேக்கர் வேண்டும். பிளக் கருத்திருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, அன்றைக்கு சார்ஜ் போடாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.