நான்காம் கட்டம் என்றால் கைவிடுவதா?

தோட்டத்தில் இருமல் புதிதல்ல. இருமல் மருந்து ஒரு போத்தல், பிறகு காசநோய்ச் சந்தேகம் என்று மாதங்கள் ஓடிவிடும். கடைசியில் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் ‘நான்காம் கட்ட நுரையீரல் புற்றுநோய்’ என்பார்கள். நோய் எலும்பு, கல்லீரல், மூளை போன்ற இடங்களுக்குப் பரவிவிட்டது என்று பொருள். நம் நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் இது தெரியவருகிறது என்கிறது 2012-2016 தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு.

முழுக் குணம் அரிது. அதற்காக, அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்து படுக்க வைத்துவிட வேண்டாம். சோதனைக்கு எடுத்த சதையில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆசியர்களிடம், அதிலும் புகைக்காத பெண்களிடம், இது அதிகம். இருந்தால் கீமோவுக்குப் பதில் தினமும் விழுங்கும் மாத்திரையிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம். தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். அதற்குப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்றம் இல்லாதவர்களுக்குக் கீமோ, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி, அல்லது இரண்டும் சேர்த்து. விலை மலைக்க வைத்தால் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் உதவி நிதி பற்றிக் கேளுங்கள்.

எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு உண்டு. மார்ஃபின் என்றாலே ‘முடிந்தது’ என்று நம்மவர்கள் மறுத்துவிடுகிறார்கள். தவறு. அது வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் மருந்து. சிகிச்சை நடக்கும்போதே கொடுப்பார்கள்.