நண்டுக்கு வலிக்குமா?

வாசகர்களே, ஒரு சிறுமி கேட்ட கேள்விக்கு நான் தவறான பதில் சொல்லிவிட்டேன். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன் நான். அதனால்தான் அந்தத் தவறை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் குடியிருப்பது தீவின் கிழக்கே, கடலோரமாக உள்ள பாசிர் ரிஸ்ஸில். அண்ணன் வந்திருக்கிறேன் என்று தேக்கா சந்தைக்குப் போய் நான்கு பெரிய நண்டுகள் வாங்கி வந்தாள். கொடுக்குகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உயிர் இருந்தது.

சமையலுக்கு நேரம் இருந்ததால் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு பாசிர் ரிஸ் பூங்காவுக்குப் போனேன். அங்கே 6 ஹெக்டர் பரப்பில் ஓர் அலையாத்திக் காடு இருக்கிறது. மரப்பலகைப் பாதையில் நின்று குனிந்து பார்த்தால் சேற்றில் சின்னச் சின்ன நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கும். அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டை அழைக்கும். எங்கள் நிழல் விழுந்ததும் எல்லாம் வளைக்குள் ஓடி மறைந்தன. அந்த ஒன்பது வயதுப் பிள்ளை கைகொட்டிச் சிரித்தாள்.

வீடு திரும்பினால் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தங்கை ஒரு நண்டை எடுத்து உள்ளே போட்டு மூடினாள். கால்கள் பானையைப் பிராண்டும் சத்தம் கேட்டது. பிள்ளையின் முகம் மாறியது.

“மாமா, நண்டுக்கு வலிக்குமா?”

“நமக்குத்தான் ஆறறிவும்மா. அதுக்கெல்லாம் ஒண்ணும் தெரியாது,” என்றேன்.

“அப்போ ஏன் காலை உதறுது?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் அன்று நண்டு சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் புத்தகங்களைத் தேடிப் படித்தேன்.

தொல்காப்பியம் சொல்வது என்ன?

‘ஆறறிவு’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அது எங்கிருந்து வந்தது? தொல்காப்பியத்தின் மரபியலில் இருந்து வந்தது. தொட்டால் உணர்வது ஓரறிவு. அதனோடு சுவை, மணம், பார்வை, கேள்வி ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஐந்தறிவு ஆகிறது. ஆறாவது மனம். புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். நண்டும் தும்பியும் நான்கறிவு உயிர்கள்.

இதில் எனக்கு உறைத்தது ஒன்று உண்டு. ‘நண்டுக்கு ஒன்றும் தெரியாது’ என்று அந்த நூல் எங்குமே சொல்லவில்லை! நண்டு எவ்வளவு அறியும் என்றுதான் சொல்கிறது. அது மட்டுமல்ல, சில விலங்குகளுக்கும் ஆறாம் அறிவு உண்டு என்றும் அதே இயலில் வருகிறது. கிளி, குரங்கு, யானை என்று உரைகாரர் பேராசிரியர் எடுத்துக்காட்டும் தருகிறார். படிக்கட்டாக இருந்ததை இடையில் நாம்தான் சுவராக்கிவிட்டோம்.

உதறலா, உணர்வா?

“துடிக்கிறதெல்லாம் வலியாகுமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சூடான கேத்தலில் விரல் பட்டால் கை தானாகப் பின்னுக்கு வந்துவிடுகிறது. ‘சுட்டது’ என்பதை மனம் அறிவது அதற்குப் பிறகுதான். கையை இழுத்தது முதுகுத் தண்டின் வேலை. நண்டின் உதறலும் அப்படிப்பட்டதாக இருந்தால் அதை வலி என்று சொல்ல முடியாது.

இதைச் சோதித்துப் பார்த்தவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலுள்ள குவீன்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் எல்வுட். அவரும் ஒரு கேள்வியால் சீண்டப்பட்டவர்தான். நண்டு வலியை உணருமா என்று அவரிடம் கேட்டவர் ரிக் ஸ்டெயின் என்ற பிரபல சமையற்கலைஞர்.

கடற்கரையில் காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டைப் பார்த்திருப்பீர்கள். அந்த நண்டுக்குச் சில வகைச் சங்குகள் மிகவும் பிடிக்கும். சில வகை அவ்வளவாகப் பிடிக்காது. எல்வுட் அவற்றின் சங்குக்குள் சிறு மின்அதிர்ச்சி கொடுத்தார். பிடிக்காத சங்கில் இருந்தவை அதிகமாக வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவையோ பெரும்பாலும் பொறுத்துக்கொண்டன. 2009-இல் வெளியான ஆராய்ச்சி இது.

யோசித்துப் பாருங்கள். வெறும் உதறலாக இருந்தால் எந்தச் சங்காக இருந்தாலும் ஒரே மாதிரிதானே வெளியேற வேண்டும்? ‘வலியா, வீடா?’ என்று உள்ளே ஏதோ ஒன்று நிறுத்துப் பார்க்கிறது. வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் உடனே காலி செய்கிறோம். சொந்த வீடு ஒழுகினால் பாத்திரம் வைத்துச் சமாளிக்கிறோம் அல்லவா?

நண்டோடு சேர்த்துச் சொல்லப்பட்ட தும்பிக்கு வருவோம். பழந்தமிழில் தும்பி என்பது வண்டினத்தையும் குறிக்கும். 2022-இல் லண்டனில் ரோமம் அடர்ந்த ஒருவகைத் தேனீக்களுக்குச் சிறு மர உருண்டைகளை வைத்தார்கள். உணவோ பரிசோ கிடையாது. ஆனாலும் அவை திரும்பத் திரும்ப வந்து உருண்டைகளை உருட்டின. விளையாட்டுக்கு அன்றி வேறு எதற்கு? சிறுவனாக இருந்தபோது தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டவன் நான். இதைப் படித்தபோது அந்த நூல் நினைவுக்கு வந்தது.

வாய் பேசாதவர்கள்

“இதெல்லாம் முடிந்த சாட்சியா?” என்றால், இல்லை. நண்டுக்குள் புகுந்து பார்த்தவர் யாருமில்லை. ஆனால் உங்கள் பல்வலியும் எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லித்தான் தெரியும். சொல்ல வாய் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஒரு செய்தி என்னை உலுக்கிவிட்டது. 1980-கள் வரையிலும்கூட, பிறந்த குழந்தைகளுக்கு வலி சரிவரத் தெரியாது என்று மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். போதிய மயக்க மருந்து கொடுக்காமலே பச்சைக் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது! குழந்தையின் துடிப்பை வெறும் உதறல் என்றார்கள். இந்தியாவில் பிறந்த டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த் ஆக்ஸ்போர்டில் செய்த ஆராய்ச்சிகள் 1987-இல் வெளிவந்தன. மருந்து கொடுத்தால் குழந்தைகள் நன்றாகத் தேறுகின்றன என்று அவை காட்டின. அதன் பிறகே வழக்கம் மாறத் தொடங்கியது.

படித்தவர்களே தங்கள் இனத்துக் குழந்தையின் வலியை அறியாமல் இருந்தார்கள் என்றால், நண்டைப் பற்றி நான் எப்படி அவ்வளவு உறுதியாகப் பேசினேன்?

பிரிட்டனில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. சுவிட்சர்லாந்தில் 2018 முதல் பெரிய சிங்கி இறாலை உணர்விழக்கச் செய்யாமல் கொதிநீரில் போடக்கூடாது.

நம்மால் ஆவது

நண்டு சாப்பிடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. உயிரோடு கொதிநீரில் போடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தங்கை இப்போது நண்டை ஐஸ்கட்டி நிறைந்த தண்ணீரில் அசைவு அடங்கும்வரை வைத்து, பிறகு ஒரே வெட்டாக நடுவில் பிளக்கிறாள். குளிரும் அதற்கு வேதனையாக இருக்கலாம். ஆனாலும் கொதிநீரைவிட இது மேல்.

நம் தோட்டங்களிலும் நண்டுகள் உண்டு, வேறு உருவத்தில். வெயிலில் கட்டிப்போட்டுத் தண்ணீர் காட்ட மறந்த ஆடு, பாலுக்காகக் கன்றைப் பிரித்த பசு, சாக்கில் போட்டுச் செம்பனைக் காட்டில் விட்டுவரும் நாய்க்குட்டிகள். ‘அதுக்கென்ன தெரியும்?’ என்ற ஒரே வார்த்தையால் எல்லாவற்றையும் கடந்துவிடுகிறோம்.

பள்ளி திறந்த முதல் நாள், ஆறறிவுப் பாடத்தை மறுபடி நடத்தினேன். “மற்ற உயிர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதல்ல பாடம். அவற்றுக்கும் வலிக்கும் என்று யோசித்துப் பார்க்க நம்மால் முடியும். அதற்குத்தான் ஆறாவது அறிவு” என்றேன்.

தங்கை மகளுக்கும் கடிதம் எழுதிவிட்டேன். முதல் வரி இதுதான்: “கண்ணு, மாமா அன்று தப்பாகச் சொல்லிவிட்டேன். நண்டுக்கு வலிக்கும் என்றே நினைக்கிறேன்.”