சக்கர நாற்காலியில் வந்த இறையழைத்தல்

வேலூரிலிருந்து கண்ணமங்கலத்திற்கும் ஆரணிக்கும் வரும் பேருந்துகள், நகரின் நெரிசலைத் தாண்டியதும் பாகாயத்தில் சற்று நிற்கின்றன. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கண்ணமங்கலத்து மக்களுக்கு அது பழகிப்போன நிறுத்தம். பட்டுச் சேலையைக் கொடுத்துவிட்டு வருகிறவரும், கல்லூரிக்குப் போகும் பிள்ளையும், சி.எம்.சி. ஆசுபத்திரியில் யாரையோ பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பமும் அந்த இடத்தைக் கடந்தே ஊர் சேர்கின்றனர். அங்கே, தண்டுவடம் முறிந்தும் கைகால் செயலற்றும் போனவர்களை மீண்டும் வாழப் பழக்கும் மறுவாழ்வு நிலையம் ஒன்று 1966-ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகிறது. அந்நிலையம் தோன்றிய வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று. 'என் வாழ்வுக்கு இனிப் பொருள் என்ன?' என்று ஒரு பெண் இறைவனிடம் கண்ணீரோடு கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் அது.

தறிக்குழியில் அமர்ந்து பட்டு நெய்பவருக்குக் கைகள் மட்டும் போதா என்பதை ஆரணி வட்டாரத்தாருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. நாடாவை ஓட்டுவது கை. மிதியை அழுத்திப் பாவைப் பிரித்துக் கொடுப்பது கால். மரத்திலிருந்து தவறி விழுந்தோ, கிணற்றுக்குள் சரிந்தோ, மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டோ ஒருவர் தண்டுவடத்தை முறித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். கை இருக்கும்; கண் இருக்கும்; நெய்யும் அறிவு அத்தனையும் இருக்கும். ஆயினும் குழிக்குள் இறங்க முடியாது. வீட்டின் ஓர் ஓரத்தில் கட்டில் போடப்படும். உறவினர் முதல் மாதம் நாள்தோறும் வருவர். பிறகு திருநாளுக்குத் திருநாள் வருவர். கட்டிலில் கிடப்பவர் தறியின் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

இத்தகைய மனிதருக்கு நம் ஊர் என்ன ஆறுதல் சொல்கிறது? 'தலையெழுத்து' என்கிறார் ஒருவர். 'யார் செய்த பாவமோ' என்று பெருமூச்செறிகிறார் மற்றொருவர். குணமளிக்கும் கூட்டங்களுக்குத் தூக்கிச் செல்கிறார்கள்; குணமாகாவிட்டால், 'உமக்கு விசுவாசம் போதாது' என்னும் பழியையும் சேர்த்துச் சுமத்தி அனுப்புகிறார்கள். இந்தக் கடைசி ஆறுதலைவிடக் கொடியது வேறில்லை என்பது நமது துணிபு. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் பாவம் செய்தானா, இவனுடைய பெற்றோர் செய்தனரா என்று கேட்டதையும், ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்க மறுத்ததையும் யோவான் தம் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதை வாசிக்கக் கேட்கிறோம்; கோயில் வாசலைத் தாண்டியதும் சீடர்களின் கேள்வியையே நாமும் கேட்கிறோம்.

மேரி வர்கீஸ் 1925-இல் கேரளத்தில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். பெண்கள் மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றுத் தாய்மார்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பதே அவருடைய கனவு. 1900-ஆம் ஆண்டு ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய பணி, பெண்கள் மருத்துவர் இன்றி மடிவதைக் கண்ட துயரத்தில் பிறந்ததல்லவா? அந்தப் பாதையிலே தாமும் நடப்பது இறைவனின் திட்டம் என்று மேரி உறுதியாக நம்பியிருந்தார். 1954-இல் இளம் மருத்துவர்கள் சிலர் மகிழ்வுலா புறப்பட்ட ஊர்தி, முன்னே சென்ற பேருந்தை முந்த முயன்று கவிழ்ந்து உருண்டது. உயிர் தப்பிய மேரிக்கு முகத்தில் பெருங்காயம், தண்டுவடமோ முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

அதன்பின் நிகழ்ந்ததை இனிப்புப் பூசிச் சொல்லுதல் தகாது. படுத்த படுக்கையாகக் கழிந்த மாதங்கள். அறுவை மேல் அறுவை. எவருடைய உதவியும் இன்றிப் புரண்டு படுக்கவும் இயலாத அவமானம். பிறருக்கு மருந்து கொடுக்கப் படித்தவள் பிறர் கையால் எல்லாம் செய்விக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டாள். மன்றாடினார்; குணம் வரவில்லை. தளர்ந்தார். விசுவாசம் உள்ளவர்கள் தளர்வதில்லை என்று எண்ணுவோர் கெத்சமனித் தோட்டத்தை மறந்தவர்கள்.

அவ்வேளையில்தான் அவருடைய ஆசிரியர், அறுவை மருத்துவர் பால் பிராண்டு, எவரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். மருத்துவர் என்ற முறையில் இனி என்ன செய்வது என்று மேரி எண்ணிப் பார்க்கும் காலம் வந்துவிட்டது என்றார். கட்டிலில் கிடப்பவளிடம் தொழிலைப் பற்றிப் பேசுகிறாரே என்று மேரியே முதலில் திகைத்தார். பிராண்டு கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர். மலைமக்களுக்காக உழைத்த மிஷனரித் தம்பதியின் மகன். 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தும் அறுவையில் உலகுக்கே வழிகாட்டியவர். கையில் செய்யும் அறுவைக்கு நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம் என்பது அவருக்குத் தெரியும். மேரிக்குக் கைகளும் கண்களும் உள்ளன, அறிவும் உள்ளது. சக்கர நாற்காலியை அறுவைக்கூடத்திற்குள் தள்ளிக்கொண்டு போனால் என்ன?

அந்த அறுவையைப் பாவும் ஊடையும் அறிந்த வாசகர்களுக்குச் சற்று விளக்கலாம். தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது விரல்களை இயக்கும் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடுகின்றன. ஆயினும் முன்கையில் உயிருள்ள தசைகள் சில எஞ்சியிருக்கும். மணிக்கட்டை நிமிர்த்தும் தசை அவற்றுள் ஒன்று. அதன் தசைநாணை எடுத்து, உடலின் வேறிடத்திலிருந்து பெற்ற நாணால் நீளமாக்கி, நான்கு இழைகளாகப் பிரித்து நான்கு விரல்களிலும் சேர்த்துத் தைப்பர். பழைய பாவின் முனையோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதைப் போன்ற பொறுமை இதற்கு வேண்டும். கட்டுப் பிரித்தபின் நோயாளி புதிதாகப் பழக வேண்டும்: மணிக்கட்டை அசைக்க எண்ணினால் இப்போது விரல் அசையும்! இதுகாறும் ஒரு வேலைக்கென்று இருந்த தசை, இனி வேறொரு வேலைக்கு. மேரி வர்கீஸ் அத்தகைய கைகளைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நிமிர்த்தலானார். நடக்க முடியாத ஒருவர் தங்கள் கைகளைத் திருத்த வருவதைக் கண்ட தொழுநோயாளரிடம் உண்டான துணிவை எந்த மறையுரையும் அவர்களுக்குத் தந்திருக்க முடியாது.

அவரை வாட்டிய கேள்வி மெல்ல மெல்ல மாறியது. 'எதனால் எனக்கு இது நேர்ந்தது?' என்பதற்கு இறுதிவரை விடை கிடைக்கவில்லை. 'எதற்காக, யாருக்காக, இனி நான்?' என்பதற்கோ நாள்தோறும் விடை வந்துகொண்டிருந்தது. கிறிஸ்தவ விசுவாசம் வாழ்வின் பொருளைக் காட்டித் தருகிறது என்று நாம் மேடையில் பேசுகிறோமே, அதன் உள்ளீடு இதுதான் என்று தோன்றுகிறது. பாரம் தாங்காமல் நடந்த ஆண்டவரின் சிலுவையைச் சுமக்கச் சீரேனே ஊர் சீமோனை வழியில் மறித்துப் பிடித்தார்கள். 'ஏன் நான்?' என்று அவரும் கேட்டிருக்கலாம். நற்செய்தியாளர் எவரும் அதற்கு விடை எழுதவில்லை. அவர் சுமந்தார் என்று மட்டும் எழுதினர்.

பின்னர் மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். அடுத்து நியூயார்க்கில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் பயின்றார். வேலூர் திரும்பி 1963-இல் அத்துறையின் பொறுப்பை ஏற்றார். மூன்றே ஆண்டில் பாகாயத்து நிலையம் உருவாயிற்று. 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் அவர் காலமானார். தாய்மார்களுக்குப் பணிபுரியும் கனவு ஈடேறவில்லை. அன்றைய இந்தியாவில் கவனிப்பாரற்றுக் கிடந்த வேறொரு கூட்டத்தினருக்கு அவர் தாயானார்.

அவர் கத்தோலிக்கர் அல்லரே, வேலூர் மருத்துவமனையும் நம்முடையது அன்றே என்று சிலர் எண்ணக்கூடும். பிரிந்த சகோதரரிடையே விளங்கும் கிறிஸ்தவப் பண்புகளை மகிழ்வோடு ஏற்றுப் போற்ற வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட ஒன்றிப்பு ஏடு நமக்குக் கற்பித்திருக்கிறது. சிலுவைக்குச் சபை வேலி கிடையாது.

1984 பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாளன்று, பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளைக் குறித்து ஒரு திருத்தூது மடல் வெளியிட்டார். 1981 மே 13 அன்று புனித இராயப்பர் சதுக்கத்தில் குண்டடிபட்டு மருத்துவமனையில் கிடந்தவர் எழுதிய மடல் அது. கிறிஸ்துவின் பாடுகளில் தமக்கும் பங்குண்டு என்று கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் புனித சின்னப்பர் அறிக்கையிட்டதில் தொடங்கி, நல்ல சமாரியனின் உவமையை விரித்துரைக்கும் அம்மடல், இரண்டு கடமைகளைச் சேர்த்தே வைக்கிறது: தன் துன்பத்தால் நன்மை செய்வது, துன்புறுவோருக்கு நன்மை செய்வது. முதலாவதை மட்டும் நோயாளிக்குப் போதித்துவிட்டு இரண்டாவதை நாம் மறந்துவிட்டால், அது உபதேசம் அன்று, தப்பித்தல். இந்தப் பாப்பரசரே பின்னாளில் பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தோடும் குழறிய சொற்களோடும், 2005 ஏப்ரலில் இறக்கும்வரை, உலகின் கண்முன்னே தம் பணியைத் தொடர்ந்தார்.

இரண்டாவது கடமை எங்கே தொடங்குகிறது? பல வேளைகளில் மிக எளிய இடத்தில். தண்டுவடம் முறிந்தவருக்கு இடுப்புக்குக் கீழே நோவு தெரியாது. நோவு தெரியாததே அவருக்கு ஆபத்து. நாம் உறங்கும்போதுகூட உடல் நோவு கண்டு புரண்டு படுக்கிறது. அவருடைய உடல் புரளாது. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து தோல் கறுத்து, புண்ணாகி, எலும்புவரை அரித்துவிடும். தொழுநோயாளரின் விரல்கள் தேய்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம் என்று கண்டறிந்து சொன்னவர் பிராண்டு. சூடும் வெட்டும் உறைக்காததால் கை காயப்பட்டுக்கொண்டே போகிறது. ஆகவே படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து, திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்பையும் குதிகாலையும் நாள்தோறும் பார்வையிட வேண்டும். படுக்கைப்புண்ணும் சிறுநீர்த்தாரை நோயுமே இவர்களின் உயிரைக் குடிப்பவை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கணவனைப் புரட்டிப் படுக்கவைக்கும் மனைவி, அந்த நேரத்தில் செய்வது செபமே என்று நம் பங்குத்தந்தையர் சொல்ல வேண்டும்.

நம் பங்குகளைப் பற்றியும் ஒரு சொல். மாதத்தின் முதல் வெள்ளியன்று குருவானவர் நோயாளர் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்வது நல்ல வழக்கம். நோயில் பூசுதல் என்னும் திருவருட்சாதனம் இறக்கும் தறுவாயில் உள்ளோருக்கு மட்டும் உரியதன்று என்பதும் இப்போது பரவலாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் நம் கோயில்களில் எத்தனைக்குப் படிகளின் ஓரத்தில் ஒரு சாய்தளம் உண்டு? சக்கர நாற்காலியில் வருபவர் வாசலோடு நின்றுவிடுகிறாரே! மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2016-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றியது. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவோ பிரிந்து வாழ்தலோ கோரும் வழி, கிறிஸ்தவருக்கான மணமுறிவுச் சட்டம் உட்பட ஐந்து சட்டங்களிலிருந்து 2019-இல் நீக்கப்பட்டது. நோயைக் காரணமாக்கித் துணையைக் கைவிடாதீர் என்று கூற நாடாளுமன்றம் வரும்வரை காத்திருந்தோமே என்பது கிறிஸ்தவர்களாகிய நமக்குச் சற்று உறுத்த வேண்டிய செய்தி.

கட்டிலில் இருப்பவரைக் காணப் போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போகிறோம், செபிக்கிறோம், அனுதாபத்தோடு திரும்புகிறோம். அவரிடம் ஏதேனும் உதவி கேட்டதுண்டா? மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லித்தர, பங்கின் கணக்கேட்டை எழுத, மணமுறிவின் விளிம்பில் நிற்கும் ஓர் இளம் தம்பதியோடு பேச, பங்கின் தேவைகளுக்காகக் குறித்த நேரத்தில் செபமாலை சொல்ல? பிராண்டு மேரிக்குச் செய்த பேருதவி அதுவே: அவரை நோயாளியாக மட்டும் பார்க்காமல், தேவைப்படுகிறவராகப் பார்த்தார்.

தறி வீடுகளில் இந்த ஞானம் முன்பே உண்டு. நடக்க முடியாத மூதாட்டியானாலும் சுவரோரம் ராட்டையை வைத்துக்கொண்டு ஊடைக்குத் தார் சுற்றுவாள். கண் மங்கியிருக்கும், விரல் நூலை அறியும். அவள் சுற்றித் தராமல் நாடாவில் நூல் இல்லை. தார் தீர்ந்ததும் தறிக்குழியிலிருந்து, "ஆயா, தார்!" என்று குரல் எழும்.